ஜி சிப்பாயால் வெட்டுவது

கறுப்புக் காய்களில் நான் ஆடுவது பயந்தவர்களின் தொடக்கம் என்பார்கள். முதல் நகர்த்தலில் ஒரு சிப்பாயை ஒரே ஒரு கட்டம் தள்ளி, அதன் பின்னால் சுவர் கட்டிக்கொள்வது. என் சுபாவத்துக்கு அது சரியாக இருந்தது. ஆனால் ஐந்தாவது நகர்த்தலில் வெள்ளைக் குதிரை என் குதிரையை வெட்டும்போது, எல்லாரும் திருப்பி வெட்டுகிற நடுச் சிப்பாயை விட்டுவிட்டு, ராஜா பக்கத்து ஜி வரிசைச் சிப்பாயால் வெட்டுவேன். சுவரில் நானே போட்ட ஓட்டை. அதன் வழியாக என் யானை எதிரியின் ராஜாவைப் பார்த்து நிற்கும்.

மகள் பிறந்த பிறகு, தோஹாவிலிருக்கும் கணவரோடு போனில் ஆடித்தான் இதைப் பழகினேன். இதை முறியடிக்கும் வழியையும் அவரிடம் மட்டுமே சொல்லியிருந்தேன். வெள்ளை தன் ராஜாவுக்கு முன்னால் மந்திரியைக் கொண்டு வைத்துவிட்டால் என் யானைக்கு வேலையில்லை.

நாகர்கோவிலில் மாவட்ட அணித் தேர்வின் கடைசி ஆட்டம். ஜெயிப்பவருக்கு அணியில் மிச்சமிருந்த ஒரே இடம். மாநிலப் போட்டிக்கு ஐந்து நாள் கோயம்புத்தூர் போகவேண்டும். எதிரே என் நாத்தனார், மார்த்தாண்டத்தில் கல்லூரி படிப்பவள். வீட்டில் என்னிடம் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஜி சிப்பாயால் வெட்டினேன். அவள் யோசிக்கவேயில்லை. சிப்பாயைத் தள்ளி வழி திறந்தாள்; அடுத்து மந்திரி நேராக அந்தக் கட்டத்துக்குப் போய் உட்கார்ந்தது.

அப்போதே அடங்கி ஆடியிருக்கலாம். அம்மாவிடம் விட்டு வந்த பிள்ளையின் இருமல் வேறு மனதில். முட்டி மோதித் தோற்றேன்.

வெளியே வந்து, "இத எப்பம் படிச்ச?" என்றேன்.

"அண்ணன்தான் மைனி எல்லாம் அனுப்பித் தந்தாவ. மைனிக்கும் தெரியும்னுல்லா நெனச்சேன்." அவள் முகம் சுருங்கியது. அவள்மேல் கோபம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் நின்றே கணவரைப் போனில் கூப்பிட்டு, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு ரெண்டு வயசு ஆவல்ல. அஞ்சு நாளு யாரு பாத்துக்கிடுவா?"

"போவண்டாம்னு எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ கேப்பியா ஏட்டி? செஸ்ஸுன்னா ஒனக்குக் கிறுக்குல்லா!" சிரித்தார்.

சொல்லியிருந்தால் பெயரே கொடுத்திருக்க மாட்டேன். கல்யாணமான இந்த நான்கு வருடங்களில் அவர் வேண்டாம் என்ற எதையும் நான் செய்ததில்லை. அது அவருக்குத் தெரியாதா? தெரிந்தும், வேண்டாம் என்று சொன்ன ஆளாக இருக்க அவருக்கு மனமில்லையா? பிள்ளைக்காகத்தானே செய்தார் என்றும் நினைத்துப் பார்த்தேன்.

"இருமல் எப்பிடி இருக்கு?" என்று கேட்டார்.

"கொறஞ்சிருக்கு" என்றேன். குறையவில்லை. அவரிடம் நான் மறைத்த முதல் விஷயம் அது.