முகத்துவாரத்து எழுத்துக் கல்

வெள்ளைக்காரர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் கொழும்பில் ஒரு நூதனசாலையில் காட்சிப் பொருட்களுக்குப் பொறுப்பாக இருந்தேன். யாரையும் இலேசில் நம்பமாட்டேன். அந்த வேலைக்கு அது நல்ல குணம் என்றுதான் நினைத்திருந்தேன்.

முகத்துவாரத்து வீடொன்றிலிருந்து எங்கள் துரை கொண்டுவந்த பழைய எழுத்துக் கல்லைச் சுவரோரம் நிறுத்தியிருந்தோம். அதைப் பார்க்க ஒரு பெண் அடிக்கடி வரத் தொடங்கினாள். எழுத்தை அவள் கவனிக்கவே இல்லை. கல்லுக்கும் சுவருக்கும் இடையிலிருந்த இடுக்கைத்தான் எட்டி எட்டிப் பார்த்தாள். ஒருநாள் அதற்குள் கையையே விட்டாள். எதையோ ஒளிக்கிறாள் என்று ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"என்ன செய்யிறீர் அங்க?"

கையில் ஒன்றுமில்லை. அவள் என்னைக் கள்ளனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"சமைக்கிற குசினியை இடிக்கேக்க துரை தூக்கிக்கொண்டு போனது எங்கட அம்மியை. அதில எழுத்து ஒண்டும் இல்லை. கல்லை மாத்திப்போட்டியளோ?"

பியூனைக் கூப்பிட்டுக் கல்லைத் திருப்பினோம். பின்பக்கம் வழவழவென்று தேய்ந்து, நடுவில் பள்ளம் விழுந்து, மஞ்சள் கறை ஏறியிருந்தது. எழுத்திருந்த பக்கம் இத்தனை காலமும் மண்ணுக்குள் புதைந்து கிடந்திருக்கிறது. அவள் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தாள்.

"ஓம், இதுதான். அம்மா சாகும்வரைக்கும் இதிலதான் அரைச்சவ."

துரை வருமுன் பள்ளம் விழுந்த பக்கத்தைப் பழையபடி சுவர்ப்பக்கம் திருப்பினோம். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

"நான் போன பிறகு வேற கல்லு வைக்கமாட்டியள்தானே?"

"மாட்டம்" என்றேன். அவள் நம்பவில்லை.

நம்பாதது சரிதான். அவள் வீட்டு அம்மியை எழுத்துக் கல்லாக்கி நிறுத்தியவர்கள் நாங்கள்தானே.