பெரிய வெள்ளிக்கிழமைக் கருவாடு

அந்த வருஷம் ஈஸ்டர் என்னும் பாஸ்குத் திருநாளில் எனக்குப் புது நன்மை. முதல்முதலாக நற்கருணை வாங்கப் போகிற ஒன்பது வயதுப் பெண்ணுக்கு, இராயபுரமே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றுவது இயல்புதான். கோயிலில் நடந்த ஞானோபதேச வகுப்பில் ஆண்டவர் கட்டளையிட்ட பத்துக் கற்பனைகளையும் திக்காமல் சொன்னவள் நான் ஒருத்திதான். அது போதாதென்று, பெரிய வெள்ளிக்கிழமை முழுவதும் பச்சைத் தண்ணீர்தான் என்று நானாகவே நேர்ந்துகொண்டேன். அந்த வயதுக்கு உபவாசம் கடமையில்லை என்று சுவாமியார் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நைனா துறைமுகப் பட்டறையில் பிட்டர். கோயில் காரியம் என்றால் நெருப்பு. அம்மா காய்ச்சலில் போன பிறகு எண்ணூரிலிருந்து சித்தியைக் கட்டிக்கொண்டு வந்தார். அவள் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவளைக் கெட்டவள் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. அதுவே எனக்கு உறுத்தலாக இருந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை பகலில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. கோயிலில் சிலுவைப்பாதை முடிந்த பிறகுதான் பெரியவர்களுக்குக் கஞ்சி. காலையிலேயே நைனாவோடு கோயிலுக்குப் போன நான், மறந்துபோன முக்காட்டை எடுக்க வீட்டுக்கு ஓடிவந்தேன். பின்கட்டில் சித்தி சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தாள். மடியில் பழைய சோறு, கையில் கருவாடு.

திரும்பிப் பார்த்தவளின் முகம் வெளுத்துவிட்டது.

"கண்ணு, நைனா கையில சொல்லாத. வவுறு தாங்கல, மயக்கமா வந்துச்சு."

நான் முக்காட்டை எடுத்துக்கொண்டேன். ஓடினேன். கோயில் வாசலில் நைனா பட்டறை ஆட்களோடு நின்றிருந்தார். அத்தனை பேர் காதிலும் விழும்படி, "நைனா, சித்தி கருவாடு துன்னுது!" என்றேன். யாரோ சிரித்தார்கள். நைனாவின் காதுமடல் சிவந்ததைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் வீட்டுக்கு வந்து போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டது. "ஆண்டவர் சிலுவையில தொங்குற நாளு! உனுக்குக் கருவாடு கேக்குதா? பாஸ்குப் பூசைக்கு நீ வராத. எந்த மூஞ்சிய வச்சிக்கினு வருவே?" சித்தி தலை குனிந்து நின்றாள். குற்றவாளி அப்படித்தான் நிற்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நைனா கோயிலில் ஆண்டவர் சுரூபம் சுமக்கப் போய்விட்டார். எனக்குக் கண் இருட்டியது. காது அடைத்தது. ஒரு வாய் தண்ணீர் குடிக்கத்தான் பின்கட்டுக்குப் போனேன். கை சோற்றுப் பானைக்குள் போயிற்று. மீதியிருந்த கருவாட்டைப் பிய்த்து இரண்டு கையாலும் தின்றுகொண்டிருந்தபோது, வாசற்படியில் சித்தி நின்றாள்.

வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

சித்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையிலிருந்த துண்டை வாங்கினாள். பிடுங்கிக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். "மெதுவா. முள்ளு கீது" என்று சொல்லி, ஒவ்வொரு முள்ளாக எடுத்துவிட்டு, சதையை என் வாயில் வைத்தாள்.

சந்தில் நைனாவின் செருப்புச் சத்தம் கேட்டது. அவள் முந்தானையால் என் வாயைத் துடைத்து, கையைக் கழுவிவிட்டாள். ஆனால் வாசனையை என்ன செய்ய முடியும்? உள்ளே வந்த நைனா மூக்கைச் சுளித்தார்.

"திரும்பவும் இன்னா நாத்தம்? யாரு துன்னது?"

"நான்தான்" என்றாள் சித்தி.

நைனா பானையைத் தூக்கித் தெருவில் எறிந்தார். சோற்றுப் பருக்கைகள் சாக்கடை வரைக்கும் சிதறின. நான் முக்காட்டின் நுனியைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எப்போது சொல்லப்போகிறாள்? இப்போதா, நாளைக்கா, புது நன்மை வாங்கும் நேரத்தில் எல்லார் முன்னாலுமா? சனிக்கிழமை காலை முழுவதும் அவள் பின்னாலேயே அலைந்தேன். அவள் குழாயடிக்குப் போனால் நானும் போனேன். நைனா பக்கம் அவள் திரும்பினாலே நடுவில் போய் நின்றுகொண்டேன். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. அவளோ என் வெள்ளைக் கவுனுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தாள்.

பொறுக்க முடியாமல் கேட்டேன்: "நைனா கையில சொல்லிடுவியா?"

"இன்னாத்த?" என்றாள் அவள், கவுனை உதறிக்கொண்டே.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் என்னை ஏய்க்கிறாள் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் தம்பி பிறந்தான். அதற்கு முன் ஒன்று வயிற்றில் தங்காமல் போனதால், நாலு மாதம் முடியும்வரை யாரிடமும் மூச்சுவிடாதே என்று அவளுடைய தாய் சொல்லியிருந்தாளாம். பிள்ளைத்தாய்ச்சிக்கு உபவாசமே கிடையாது என்பதும் வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்கு அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். நைனா அப்போதும் நம்பியிருப்பாரா என்பது வேறு விஷயம்.

அந்தச் சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நேர்ச்சையை மீறிக் கருவாடு தின்றதைச் சொல்லி விம்மி விம்மி அழுதேன். மறைப்புக்கு அந்தப் பக்கமிருந்த சுவாமியார் மெல்லச் சிரித்தது போலிருந்தது.

"வேறே ஏதாவது உண்டா, மகளே?"

நன்றாக யோசித்துப் பார்த்தேன். முந்தின நாள் காலையில் கோயில் வாசலில், அத்தனை பேருக்கு நடுவில் நான் கூவியது நினைவுக்கு வந்தது. ஆனால் அது பாவமல்லவே, புண்ணியமல்லவா?

"வேறொன்றும் இல்லை, சுவாமி" என்றேன்.