மஞ்சள் லோஷன் புட்டி

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்கு எரிச்சல் வரும். சீழும் ரத்தமும் துடைத்தே வயிறு வளர்த்த நர்ஸ் நான், உயிரோடிருப்பவர்கள் செய்யும் அசிங்கத்தைப் பார்த்துத்தான் எனக்குப் பயம். இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

எழுபதுகளில் மயிலாப்பூரில் ஒரு சின்ன நர்சிங் ஹோமில் வேலை. காயம் கழுவும் மஞ்சள் லோஷன் பெரிய கண்ணாடிப் புட்டியில் கார்க் போட்டு இருக்கும். அது காலியாகி நான் பார்த்ததே இல்லை. பாதி குறைந்ததும் மேட்ரனம்மா புது லோஷனை அதன் தலையிலேயே ஊற்றிவிடுவார். கிருமியைக் கொல்லுகிற புட்டியைப் போய் யாராவது கழுவுவார்களா என்பார்.

அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து கன்னியம்மா வந்தாள், மீன் விற்பவள், காலில் வெந்நீர் கொட்டிய புண். கொஞ்ச நாளிலேயே கட்டெல்லாம் பச்சையாக ஊறி, சீழில் ஒரு தித்திப்பு நாற்றம், அழுகின திராட்சை போல. டாக்டர் பெனிசிலின் போட்டார், கேட்கவில்லை, ஸ்ட்ரெப்டோமைசின் போட்டார், கேட்கவில்லை, அப்புறம் புதிதாக வந்த விலை கூடின ஊசி, அதுவும் கேட்கவில்லை.

"இன்னா சிஸ்டரு, மருந்தா இது? சாக்கடைத் தண்ணி மாரி நாறுது, என் கால்ல ஊத்தாத!" என்று கத்துவாள்.

மீன்காரி நாற்றத்தைப் பற்றிப் பேசுகிறாளே என்று மேட்ரனம்மா சிரிப்பார். கன்னியம்மா செத்துப்போனாள்.

கட்டிலை ஃபினாயில் போட்டுத் தேய்த்து, தி.நகர் துணிக்கடைக்காரர் மருமகளைப் படுக்க வைத்தோம். பெயர் செல்வி, திருநெல்வேலிப் பக்கம், சிசேரியன் ஆன பெண். அவள் தையலும் பச்சையாகிவிட்டது. ஜுரம் கொதித்தது, குழந்தையை அவளிடம் விட முடியவில்லை, மறுபடி அதே ஊசிகள். இவளும் போய்விடுவாள் என்றே நினைத்தேன்.

ஒரு மத்தியானம், நல்ல வெளிச்சம், கட்டு மாற்றப் புட்டியோடு போனேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

"அதை ஊத்தாதீங்க சிஸ்டர். கால்ல கட்டோட ஒரு அம்மா வந்து புட்டியை மோந்து பாக்காங்க. சாக்கடைத் தண்ணி மாரி நாறுதுன்னு சொல்லுதாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், கன்னியம்மா இருந்தபோது இந்தப் பெண் எங்கள் நர்சிங் ஹோம் படியே ஏறினதில்லை.

கார்க்கைப் பிடுங்கினேன். அதே அழுகின திராட்சை நாற்றம். கார்க்கின் அடியில் பச்சையாக, வழவழவென்று, மூக்குச்சளி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஊசி ஒரு பக்கம் கிருமியைக் கொல்ல, இன்னொரு பக்கம் தினமும் அதையே ஊற்றிக் கழுவியிருக்கிறோம். தூ! டாக்டர் மூக்குக்கு நேரே நீட்டினேன், அவர் முகம் வெளுத்துப்போனது.

புட்டியை உடைத்துப் போட்டுவிட்டு, காய்ச்சின உப்புத் தண்ணீரில் காயத்தைக் கழுவினோம். அதே விலை கூடின ஊசி இப்போது கேட்டது. செல்வி பிழைத்தாள், குழந்தைக்குப் பால் கொடுத்தாள்.

வீட்டுக்குப் புறப்படும்போது, "அந்த அம்மா போயிட்டாங்களாம்மா?" என்று சும்மா கேட்டு வைத்தேன்.

"இல்லியே சிஸ்டர், உங்க பக்கத்துலதான் நிக்காங்க. உங்க கையை மோந்து பாக்காங்க."

சோப்பு போட்டு எத்தனை தரம் கழுவினாலும், சாப்பிட உட்காருமுன் இன்றைக்கும் கையை ஒருமுறை முகர்ந்து பார்க்கிறேன். சில நாள் திராட்சை வாடை வருகிறது.