சஹனின் எதிர்ப்பக்கம் இருந்தவர்

காதுக்குள் வளர்ந்த கட்டியைக் கொழும்பில் வெட்டி எடுத்தபின் ஆறு மாதம் வீட்டுக்குள் ஒளிந்திருந்தேன். ஊரில் பேர்போன நீச்சல்காரன் நான். கடலில் இறங்கலாம் என்று டொக்டர் சொன்ன மறுநாளே காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கல்முனைக் கரையில் இறங்கினேன். ஒரேயொரு அலை. தலை சுற்றியது. சாகும் நேரம் சொல்லும் கலிமாவை உரக்கச் சொல்லி மௌத்தாகத் தயாரானேன்.

கரைவலைக்காரர்களை நடத்தும் தண்டயல் ஒருவர் வந்து என் கக்கத்தில் கைகொடுத்தார். நரைத்த தாடி. யாரோடு கதைத்தாலும் கண் மட்டும் கடலில் இருக்கும்.

“எழும்பி நில்லுங்க தம்பி. தண்ணி முழங்காலுக்குத்தான் கிடக்கு.”

அடுத்த கிழமை ஒரு கல்யாண வீடு. ஆறு பேர் ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட்டோம்.

“கடல்ல இறங்கினீங்களாமே மச்சான்?” என்று பக்கத்திலிருந்தவர் கேட்டார்.

“இறங்கினதா? தோணி கிடக்கிற இடம்வரைக்கும் நீந்திப் போய் வந்தன்” என்றேன்.

சொல்லி முடித்தபிறகுதான் எதிர்ப்பக்கம் பார்த்தேன். அதே தண்டயல் சோறு பிசைந்துகொண்டிருந்தார்.

“ஓம், நானும் பார்த்தன்” என்றார். பெரிய இறைச்சித் துண்டொன்றை என் பக்கம் தள்ளிவிட்டார்.

ஐந்து நேரமும் தொழுகிற மனிதர் எனக்காக ஏன் பொய் சொன்னார் என்று இன்றும் விளங்கவில்லை. அந்தத் துண்டை விழுங்க எனக்கு இரண்டு கோப்பை தண்ணீர் தேவைப்பட்டது.