கூடத்தில் ஏறிய ரோஜாக்கள்

கடும்புயல் வருகிறது என்று ரேடியோ காலையிலிருந்தே தொண்டை கிழியக் கத்தியது. அக்கம்பக்கத்தார் ரொட்டியும் மெழுகுவர்த்தியும் வாங்க ஓடினார்கள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரோ தன் ரோஜாத் தொட்டிகளை வீட்டுக்குள் ஏற்ற ஆரம்பித்தார்.

காலமெல்லாம் பஸ்ஸில் ஆள் அடைத்த கை, இண்டு இடுக்கை விடுமா? கட்டிலுக்கடியில், சோபாவில், ஸ்டூலுக்கு மேல் ஸ்டூல் போட்டு அதன் உச்சியில். "படியில நிக்காதே, உள்ள நகரு" என்று தொட்டிகளிடமே சொல்லிக்கொண்டார். ரோஜாக்கள் மறுபேச்சில்லாமல் நகர்ந்தன. பயணிகள் ஒருநாளும் அப்படி நகர்ந்ததில்லை.

மனைவி தன் மிளகாய்ச் செடியோடு வந்து நின்றாள். பழைய பெயிண்ட் டப்பாவில் வளர்ந்த அதுதான் அந்தத் தோட்டத்திலேயே சமையலுக்கு உதவிய ஒரே ஜீவன்.

"இதுக்கும் ஒரு இடம் குடுங்க."

"பாத்தா தெரியல? மூச்சு விட இடமில்ல. மிளகாதானே, வெளியிலயே கிடக்கட்டும்."

அவள் டப்பாவைக் கீழே வைக்கவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும். எங்கே! மதிலடியில் தண்ணீர் போகும் ஓட்டையையும் கேட்டின் அடியையும் கோணிப்பை திணித்து அடைத்துக்கொண்டிருந்தார்.

"அதை ஏங்க அடைக்கிறீங்க? தண்ணி எங்க போகும்?"

"வருஷக்கணக்கா எரு போட்ட மண்ணு. சாக்கடையில போகணுமா?"

"அப்ப நான் போறேன். மண்ணையும் ரோஜாவையும் வெச்சுக் குடித்தனம் நடத்துங்க. கூப்பிட வந்துடாதீங்க." டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாடியிலிருந்த அக்கா வீட்டுக்கு ஏறிப் போய்விட்டாள்.

பசித்தால் தானாக இறங்கி வருவாள் என்று நினைத்தார். அவர் வீட்டில் சமைப்பவளும் அவள்தான் என்பது மதியம்தான் உறைத்தது. அதற்குள் புயல் வந்துவிட்டது.

சொன்னபடி ஒரு பிடி மண்கூட வெளியே போகவில்லை. தண்ணீரும் போகவில்லை. தோட்டம் நிறைந்து, வாசற்படி ஏறி, கதவின் கீழாகக் கூடத்துக்குள் நுழைந்தது. மழையில் ஓடிப்போய் ஓட்டையைத் தடவி இழுத்துப் பார்த்தார். தானே திணித்த பை அசைந்து கொடுக்கவில்லை. திரும்பி வந்தபோது ஸ்டூல்கள் சாய்ந்து, உச்சியில் இருந்தவை அடியில் இருந்தவற்றின்மேல் விழுந்துகொண்டிருந்தன.

"ஹோல்டான்!" என்று கத்தினார். பழக்கதோஷம். எதுவும் நிற்கவில்லை.

சொட்டச் சொட்ட மாடி ஏறினார். கதவு திறந்தே இருந்தது, ஆனால் உள்ளே போகக் கால் வரவில்லை. ரோஜா போன வருத்தத்தைவிட, அவளிடம் சொன்ன சொல்தான் அவரைச் சுட்டது. சாப்பாட்டு மேஜைக்கு முன்னால், நாற்காலியில், ஒரு இலை கசங்காமல் மிளகாய்ச் செடி வீற்றிருந்தது.

"நீங்க கத்தினது மேல வரைக்கும் கேட்டுச்சு" என்றாள் மனைவி.

"இங்க எனக்கு இடம் இருக்குமா?"

அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கொடியிலிருந்த துண்டை எடுத்து நீட்டினாள்.

"படியில நிக்காதீங்க. உள்ள நகருங்க."

அவர் நகர்ந்து, தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். நாற்காலியைக் கேட்கும் துணிச்சல் அவருக்கு இல்லை.