வெர்னியரின் வாயில் வைத்த சந்தனம்

ஏட்டிலும் எழுத்தாணியிலும் மட்டுமன்றி, எண்ணெய் படிந்த திருப்புளியிலும் குடியிருக்கும் கலைமகளே, அடியேன் கைச் சந்தனத்தின் குற்றம் பொறுத்து, நடந்ததை நடந்தவாறே சொல்ல நாவில் நின்றருள்க.

அன்று விஜயதசமி. எதைத் தொடங்கினாலும் துலங்கும் நன்னாள்.

வல்லம் வடகாலில், தொழிற்சாலைகளுக்குப் பின்னால், பழைய கிடங்கு ஒன்றில் எங்கள் பள்ளி நடக்கிறது. அரசுக் குழந்தைகள் இல்லங்களில் வளர்ந்து, மற்றப் பள்ளிகளில் ஒட்டாமல் போன பதினேழு பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். கணக்குப் பாடத்திற்குக் கரும்பலகை இல்லை, திருகாணியும் தகடும்தான். கருவி அலமாரியின் சாவியும் பூஜைப் பொறுப்பும் என்னுடையவை.

அவர்களில் ஒருத்திக்கு மறுமாதம் பதினெட்டு வயது நிறைவதாக இருந்தது. நிறைந்தால் இல்லத்தை விட்டு வெளியேற வேண்டும். தங்குமிடத்தோடு கூடிய பயிற்சி வேலைக்கு ஆள் எடுக்க, ஒரு தொழிற்சாலையின் சூப்பர்வைசர் விஜயதசமி காலையில் பள்ளிக்கே வருவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைக்காவிட்டால் அவளுக்குத் தங்க வேறு இடமில்லை.

முதல்நாள் ஆயுத பூஜையில் கருவிகளுக்கெல்லாம் பொட்டிட்டேன். பள்ளியில் இருப்பது ஒரே வெர்னியர். மயிரிழை வேறுபாட்டையும் கவ்விப் பிடித்துச் சொல்லும் அளவி. கவ்வுகிற இடத்திலன்றோ அருள் வேண்டும் என்று கருதி, அதன் இரு தாடைகளின் உட்புறத்திலும் சந்தனத்தைத் தாராளமாகவே அப்பினேன்.

மறுநாள் சூப்பர்வைசர் பையிலிருந்து ஓர் இரும்பு உருளையை எடுத்தார்.

"இதோட விட்டம் எவ்ளோன்னு பாத்துச் சொல்லும்மா."

அவள் பூஜைப் பலகையிலிருந்து வெர்னியரை எடுத்தாள். பின்னால் நின்ற தோழி, "கை நடுங்குனா அளவும் நடுங்கும்டி" என்று கிசுகிசுத்தாள்.

"நீ வாய மூடிக்கினு இரு" என்றவள், அளந்து நிமிர்ந்தாள். "இருபத்தஞ்சு புள்ளி நாலு மில்லி, சார்."

"இருபத்தஞ்சுதான். நானே லேத்துல கடைஞ்சது." அவர் உருளையைத் திரும்ப வாங்கக் கை நீட்டினார்.

என் சந்தனம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ள நான் தொண்டையைச் செருமுவதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம், சார்."

உருளையைக் கொடுத்துவிட்டு வெறும் தாடைகளை மூடினாள். அவை ஒட்டவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"ஒண்ணுமே வைக்காதப்பவே புள்ளி நாலு காட்டுது, சார். கழிச்சா இருபத்தஞ்சு. எங்க அய்யா உள்ள சந்தனம் பூசிக்கீறாரு."

சூப்பர்வைசர் குனிந்து பார்த்தார். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"லைன்ல பத்து வருஷம் இருக்கறவனே ஜீரோ பாக்காம அளக்கறான். திங்கக்கிழமை பெட்டியோட வந்துடும்மா."

வாய்ப்பை விடாமல், "எல்லாம் கலைமகள் அருள்" என்றேன்.

"அருளு சரி, அய்யா. அடுத்த வருஷம் பொட்டு மேல வைங்க. வாயில ஊட்டாதீங்க" என்றாள் அவள்.

அவ்வண்ணமே செய்து வருகிறேன்.

இதைப் படிப்போர் அனைவரின் கருவிகளும் பிழையின்றி அளப்பனவாகுக. பிழைத்தாலும், எவ்வளவு என்று கண்டு கழித்துச் சொல்லும் பெண்ணொருத்தி அருகில் அமைக. எல்லோரும் இன்புற்று வாழ்க.