பிதென்சியோ வயது சொல்லாத ஜாடி

மண்பாண்டத்துக்குப் பேர்போன எங்கள் தொனாலாவில் ஜாடிக்கு வயது சொல்லாத வாய் கிடையாது. எதிர்வீட்டுப் பெரியவர் தோன் பிதென்சியோ சொன்னால் மட்டும் சரியாக இருக்கும். அதுதான் அவருக்கு வினை.

ஜாடியைக் கவிழ்த்து அடித்தேய்வைக் கட்டைவிரலால் தடவுவார். அதில் வரைந்த பூவுக்குப் பின்னால் பாய்முடைந்தது போல் ஓடும் கோடுகளைப் பார்ப்பார். தண்ணீர் தெளித்து மண்ணை முகர்வார்.

"நம்ம ஊரு மண்ணே இல்லீங்க. பழசாத் தெரியணும்னு காப்பியில ஊறவச்சிருக்கான்."

கொள்ளுத்தாத்தா சொத்து என்று கொண்டுவந்தவர் அப்புறம் அந்தப் பக்கமே வருவதில்லை. பல் பிடுங்குகிறவரிடம்கூட ஜனங்கள் இரண்டாம் முறை போகிறார்கள். என்னிடமும் பழைய ஜாடி ஒன்று உண்டு. பழையதாகவே இருக்கட்டும் என்று அவர் வாசலை நான் மிதிப்பதில்லை.

மனைவி இறந்தபின் அவர் வீட்டில் இரண்டு நாற்காலி. ஒன்றில் அவர், மற்றதில் ஏதாவது ஒரு பானை. பேச்சுக்குரல் கேட்டால் அது வானொலி.

ஒரு வியாழன், சந்தை நாளில், மேலத்தெரு அம்மாள் தோன்யா ஒப்தூலியா பறவை வரைந்த ஜாடியோடு வந்தார். கணவர் இல்லை, பிள்ளைகள் பிழைப்புக்கு எல்லை தாண்டி வடக்கே. பிதென்சியோ பானையை இறக்கிவைத்து நாற்காலியைத் துடைத்தார்.

"மாமியா வச்சிருந்ததுங்க. எத்தனை வருஷம் இருக்கும்?"

கவிழ்த்தார், முகர்ந்தார். அவருக்கு அதற்குமேல் நேரம் பிடிக்காது.

"பிடிபட மாட்டேங்குதே. மழை ஈரத்துல முகரணும். அடுத்த வியாழன் கொண்டாங்க."

மழை பெய்து ஓய்ந்தது. "வெயில்ல கோடு பார்க்கணும்" என்றார். ஜாடி வாராவாரம் தெருவைக் கடந்தது. உள்ளே சூடான பீன்ஸ், மேலே துணியில் சுற்றிய சோள ரொட்டி. வானொலி ஓய்வெடுத்தது.

சில மாதம் கழித்து ஒப்தூலியா சொன்னார்: "வடக்கேருந்து மவன் வந்திருக்கான். 'ஒரு ஜாடிக்கு இத்தனை மாசமா?'ன்னு சிரிக்கிறான். இன்னைக்குச் சொல்லிடுங்க."

அவருக்குப் பொய் வயது சொல்லத் தெரியாது.

"நம்ம ஊரு மண்ணுதான். உங்க மாமியா கல்யாணத்துக்குச் சுட்டதா இருக்கும். அறுபது வருஷம்."

ஒப்தூலியா நன்றி சொல்லிப் போனார். அடுத்த வியாழன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. அந்த நாற்காலியில் பிதென்சியோ பானை வைக்கவில்லை, சும்மா கிடந்தது. வானொலியையும் போடவில்லை. எதிர்வீட்டு மௌனத்தில் எனக்கே தூக்கம் கெட்டது.

மகன் வடக்கே திரும்பிய வாரம் ஒப்தூலியா இன்னொரு ஜாடியோடு வந்தார். பிதென்சியோ கவிழ்த்தார். அடியில் சந்தைக்கடைக்காரன் ஒட்டிய மஞ்சள் விலைச்சீட்டு, தெருவில் நின்ற என் கண்ணுக்கே பளிச்சென்றது. அவர் கட்டைவிரலால் அதை மூடிக்கொண்டார்.

"இது ரொம்பச் சிக்கலுங்க. குளிர்காலம் வரைக்கும் ஆகும்."

"ஆகட்டுமே. எனக்கென்ன அவசரம்?" என்று ஒப்தூலியா உட்கார்ந்தார்.